நிபந்தனையோடு வரும் வேலையாள்: ஏலமலைச் சாரலில் ஆள் தேர்வு

முன்னுரை

வேலை கேட்டு வருபவர் பணிந்து நிற்பதும், வேலை கொடுப்பவர் நிமிர்ந்து அமர்வதும் இயல்பு என்னும் எண்ணம் நம் சமுதாயத்தில் நெடுங்காலமாக வேரூன்றி நிற்கிறது. அதனால்தான் நேர்காணலுக்கு வந்த ஒருவர், “சம்பளம் எவ்வளவு? மாலையில் எத்தனை மணிக்கு விடுவீர்கள்? தங்குவதற்கு வீடு உண்டா?” என்று வினவத் தொடங்கியவுடன், “சேருமுன்னரே இத்தனை நிபந்தனையா!” என்று தேர்வுக் குழுவினர் முகம் சுளிக்கின்றனர். அவர் ஒன்றும் கேளாமல் தலையாட்டியிருந்தால், “நல்ல பிள்ளை” என்று பெயரெடுத்திருப்பார்.

கேட்பவரெல்லாம் தொல்லை தருபவரும் அல்லர். கேளாதவரெல்லாம் நல்லவரும் அல்லர். நிபந்தனையோடு வரும் ஒருவரை எவ்வாறு எதிர்கொள்வது, எதை ஏற்பது, எதை எவ்வாறு மறுப்பது என்பவற்றை நம் போடிநாயக்கனூரையும் அதன் ஏலமலைச் சாரலையும் களமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கல்வி நிலையம், மருத்துவமனை, கடை, தோட்டம் என ஏதேனும் ஒன்றில் ஆள் எடுக்கும் பொறுப்பிலுள்ள பெரியோர்க்கும், நாளை நேர்காணலுக்குச் செல்லவிருக்கும் மாணவர்க்கும் இது ஒருசேரப் பயன்படும் என நம்புகிறோம்.

சாரலும் தோட்டமும்

தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்தது போடிநாயக்கனூர். இங்கிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் போடிமெட்டு. அதற்கப்பால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். பூப்பாறை, சாந்தன்பாறை, இராஜகுமாரி, உடும்பன்சோலை எனத் தொடரும் ஊர்களைச் சுற்றி ஏலத்தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. மலையில் விளைந்த காய் போடிக்கு இறங்கி வருகிறது; இங்குள்ள கிடங்குகளில் தரம் பிரிக்கப்பட்டு, நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் நடைபெறும் மின்னணு ஏலத்தில் விற்பனையாகிறது. காய் இறங்கி வருகிறதெனில், அதனை எடுக்கும் கைகள் நாள்தோறும் மலையேறிச் செல்கின்றன.

ஏலக்காய் எடுப்பு எளிய வேலையன்று. ஒரு செடியிலுள்ள காய்கள் யாவும் ஒரே நேரத்தில் முதிர்வதில்லை. தூரிலிருந்து தரையோடு படர்ந்து கிடக்கும் சரத்தில் பூவும் பிஞ்சும் முதிர்ந்த காயும் அடுத்தடுத்து இருக்கும். பிஞ்சை விட்டு, பூவை உதிர்க்காமல், முற்றிய காயை மட்டும் கிள்ளியெடுக்க வேண்டும். முன்னதாக எடுத்தால் காய்ந்தபின் சுருங்கி எடை குறையும். பிந்தினால் பழுத்து வெடிக்கும். ஏறத்தாழ 5 கிலோ பச்சைக்காய் உலர்ந்து 1 கிலோ ஆகிறது. ஆதலால் ஒவ்வொரு காயிலும் கையின் பக்குவம் விலையாக மாறுகிறது. ஆடி, ஆவணியில் தொடங்கித் தை, மாசி வரை ஒரு மாதம் முதல் ஒன்றரை மாத இடைவெளியில் எடுப்பு மீண்டும் மீண்டும் நடைபெறும். அந்தந்த எடுப்பை அந்தந்த வேளையில் முடிக்காவிடில் இழப்புத் தோட்டக்காரருக்கே.

கைத்திறன் மிக்க பெண்ணொருத்தி ஏன் நிபந்தனை விதிக்க முடிகிறது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. காலத்தே செய்ய வேண்டிய வேலை, பழகினாலன்றி வாராத திறன், குறைவான ஆட்கள் ஆகிய மூன்றும் கூடுமிடத்தில் வேலை கேட்பவரின் குரல் உயரும். இஃது ஆணவத்தின் பாற்பட்டதன்று, சந்தையின் இயல்பு. 2020 மார்ச்சில் பெருந்தொற்று முடக்கத்தால் மாநில எல்லை மூடப்பட்டபோது, மேலே தோட்டங்களில் ஆளில்லை; கீழே வீடுகளில் கூலியில்லை. ஒருவரின்றி ஒருவர் இல்லை என்பதை இருசாராரும் ஒரே வேளையில் உணர்ந்த காலம் அது.

விடியற்காலை நேர்காணல்

நேர்காணல் என்றவுடன் மேசையும் நாற்காலியும் கோப்பும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் நம் சாரலில் மிகுதியான நேர்காணல்கள் விடியற்காலையில், ஜீப்பின் அருகே, நின்றவாறே நடைபெறுகின்றன. பல இடங்களில் ஜீப் ஓட்டுநரே ஆள் சேர்ப்பவராகவும் இருக்கிறார். அங்கே பெண்கள் கேட்கும் கேள்விகளைக் கூர்ந்து நோக்கினால், எந்தப் பெரிய நிறுவனத்தின் விண்ணப்பதாரரும் கேட்கும் கேள்விகளுக்கு அவை குறைந்தவையல்ல என்பது புலனாகும்.

“ஜீப் வாடகை யார் பொறுப்பு? வண்டியில் எத்தனை பேரை ஏற்றுவீர்கள்? மழை வந்து வேலை நின்றால் பாதிக் கூலியா, முழுக் கூலியா? நேற்று மருந்து அடித்த பாத்தியிலா இன்று காய் எடுக்க வேண்டும்? பள்ளி விட்டுப் பிள்ளை வரும் வேளைக்குள் கீழே இறக்கிவிடுவீர்களா?”

இவற்றுள் ஒன்றேனும் வீண் கேள்வி உண்டா? வளைவுகள் நிறைந்த மலைப்பாதையில் அளவுக்கு மீறி ஆளேற்றிய வண்டியில் செல்வது உயிரோடு விளையாடுவது. ஏலம் பூச்சிமருந்து மிகுதியாகத் தெளிக்கப்படும் பயிர்களுள் ஒன்று. ஆகவே மருந்து குறித்த கேள்வி உடல்நலம் குறித்த கேள்வி. நிபந்தனை என்று நாம் பெயரிட்டு ஒதுக்குவனவற்றுள் பல, பட்டு அறிந்தவரின் முன்னெச்சரிக்கையே என்பதை இதனால் அறியலாம்.

இதில் பிறிதொன்றும் கருதத்தக்கது. இதே கேள்விகளை ஆண் ஒருவர் கேட்டால் “விவரமானவர்” என்கிறோம். பெண் கேட்டால் “வாயாடி” என்கிறோம். ஆள் எடுப்பதில் ஆண், பெண் வேறுபாடு காட்டுவதை 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டமே தடை செய்தது. சட்டம் தாளில் எழுதிய சமன்மை, கேள்வியைக் கேட்கும் நம் செவியிலும் அமைய வேண்டும்.

கங்காணி முறை கற்பிப்பது

கேளாமல் சென்றவர்களின் கதையையும் தமிழர் அறிவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகச் சிற்றூர்களிலிருந்து ஆள் திரட்டியவர்கள் கங்காணிகள். தோட்டத்துரை கங்காணிக்கு முன்பணம் கொடுப்பார்; கங்காணி ஊருக்கு வந்து உறவினரையும் தெரிந்தவரையும் சேர்த்துச் செல்வார். வழிச்செலவும் முன்பணமும் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறும். அக்கடன் தீர்ந்தாலன்றி அவர் தோட்டம் மாற முடியாது. கடன்தொகையைக் குறித்து, அதனைச் செலுத்தினால் ஆட்களை விடுவிப்பதாகத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத் ‘துண்டு’ என்று பெயர்.

ஆள் தட்டுப்பாடு மிகுந்தபோது தோட்டங்கள் ஒன்றுக்கொன்று போட்டியிட்டன. பெரிய கங்காணி தம் ஆட்களுடன் வேறு தோட்டத்திற்குச் செல்வதாகக் கூறி மேலும் மேலும் முன்பணம் கேட்டார். துரைமார் முன்பின் பாராமல் கொடுத்தனர். விளைவு யாது? கேட்டவர் கங்காணி, கொடுத்தவர் துரை, சுமந்தவரோ வாய் திறவாத தொழிலாளி. இப்போட்டியைக் கட்டுப்படுத்தி ஆள் திரட்டலை ஒழுங்கு செய்யவே தோட்ட உரிமையாளர்கள் 1904இல் திருச்சிராப்பள்ளியில் இலங்கைத் தொழிலாளர் ஆணையத்தை நிறுவினர். துண்டு முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இவ்வரலாறு நமக்கு இரு பாடங்களைத் தருகிறது. ஒன்று, அழுத்தத்திற்கு அஞ்சி, கணக்கில்லாமல் கேட்டதையெல்லாம் கொடுப்பது தீர்வாகாது. அதன் சுமை வேறொருவர் தலையில் இறங்கும். மற்றொன்று, இடையில் நிற்பவர் பேசுவதை வேலைக்கு வருபவரின் பேச்சாகக் கொள்ளலாகாது. உழைக்கப் போகிறவரின் வாயிலிருந்தே அவர் தேவையைக் கேட்க வேண்டும்.

கேட்கும் வாய்ப்பு நெடுங்காலம் மறுக்கப்பட்டால் அது வேறு வடிவில் வெளிப்படும். 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தேயிலைத் தோட்டப் பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப்பெண்கள், தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவிட்டுத் தாமே சாலையில் அமர்ந்து போராடினர். முடிவில் 8.33 விழுக்காடு போனசும் 11.67 விழுக்காடு கருணைத் தொகையும் சேர்ந்து 20 விழுக்காடு பெற்றனர். வாயிலில் கேளாத செவி, வீதியில் கேட்க நேர்ந்தது.

கோரிக்கைகள் நான்கு வகை

இனி, நிபந்தனைகளைப் பகுத்துக் காண்போம். ஓர் ஏலத்தோட்டத்திற்கு மேற்பார்வையாளர் தேவை. பட்டறிவு மிக்க ஒருவர் வருகிறார் எனக் கொள்வோம். அவர் ஏழு கோரிக்கைகளை முன்வைக்கிறார்: நியமனக் கடிதம் வேண்டும், வருங்கால வைப்பு நிதி பிடிக்க வேண்டும், குடியிருப்பின் ஒழுகும் கூரையை மாற்ற வேண்டும், பிள்ளைகள் போடியில் படிப்பதால் சனிக்கிழமை மாலை கீழே இறங்க அனுமதி வேண்டும், முந்தைய இடத்தைவிடக் கூடுதல் சம்பளம் வேண்டும், தம் தமக்கை மகனுக்கும் வேலை தர வேண்டும், ஆட்கணக்கை எவரும் சரிபார்க்கக் கூடாது.

ஏழையும் ஒரே மூட்டையாகக் கட்டினால், “பேராசைக்காரர்” என்று அவரை அனுப்பிவிடத் தோன்றும். பிரித்துப் பார்த்தால் உண்மை விளங்கும்.

முதலிரண்டும் உரிமை. 2025 நவம்பர் 21ஆம் நாள் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நியமனக் கடிதம் வழங்குவதை வேலை கொடுப்போரின் கடமையாக்கியுள்ளன. உரிமையைக் கேட்பவரிடம் பேரம் பேசலாகாது. கேட்குமுன் கொடுப்பதே சிறப்பு.

அடுத்த இரண்டும் தேவை. மழைக்காலத்தில் ஒழுகும் வீட்டில் எவரும் நிலைத்திரார். வாரத்தில் ஒருநாள் பிள்ளை முகம் காணாதவர் மனம் வேலையில் நில்லாது. இத்தகைய தேவைகளை இயன்றவரை நிறைவேற்றலாம். இயலாவிடில் மாற்று வழி தேடலாம்.

ஐந்தாவது விலை. திறனுக்குத் தக்க விலை கேட்பது குற்றமன்று. கொடுக்க இயலுமா, கொடுத்தால் அதற்கேற்ற பயன் விளையுமா என்று கணக்கிட்டு விடை கூற வேண்டிய பகுதி இது. பேரம் இங்கு மட்டுமே பொருந்தும்.

இறுதி இரண்டும் மிகை. தமக்கை மகன் தகுதியுடையவராயின் தனியே விண்ணப்பிக்கலாம். ஒருவரின் வேலைக்கு மற்றவரைப் பிணையாக்க முடியாது. கணக்கைச் சரிபார்க்கக் கூடாதென்பதோ வேலையின் அடிப்படையையே அசைப்பது. மற்ற ஆறும் நிறைவேறினாலும் இந்த ஒன்றில் அவர் பிடிவாதமாக இருப்பின், அவரை எடுத்தல் ஆகாது.

ஆக, எத்தனை கேட்கிறார் என்பது அளவுகோலன்று. எதைக் கேட்கிறார் என்பதே அளவுகோல்.

நடந்துகொள்ளும் முறை

திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’, ‘தெரிந்து வினையாடல்’ என்னும் இரு அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஆராயாமல் ஒருவரைத் தேர்வதும், தேர்ந்தபின் ஐயுறுவதும் துன்பம் என்பது அவற்றின் சாரங்களுள் ஒன்று. நிபந்தனையோடு வருபவர் திறத்தில் அவ்வாராய்ச்சியை எவ்வாறு நடத்துவது?

முதலாவது, நம் நிபந்தனையை முன்னரே வெளியிடுதல். பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு (கி.பி. 921), ஊர் வாரியங்களுக்கு உரியவரின் தகுதியைத் தெளிவாக வரையறுக்கிறது. அகவை 35 முதல் 70 வரை இருக்க வேண்டும். வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் ஆகார் என்றெல்லாம் கல்லில் வெட்டி வைத்தனர். ஊரார் அனைவரும் காண விதி நின்றதனால், ஆளுக்கொரு விதி கேட்க வாய்ப்புக் குறைந்தது. சம்பள வரம்பு, வேலை நேரம், விடுப்பு ஆகியவற்றை விளம்பரத்திலேயே குறித்துவிட்டால் நேர்காணல் மேசையில் எழும் பூசலில் பெரும்பகுதி தானே அடங்கும்.

இரண்டாவது, முழுவதையும் கேட்டல். முதற்கோரிக்கைக்கே மறுமொழி கூறத் தொடங்கினால், வருபவர் ஒவ்வொன்றாக வெளியே எடுப்பார். பேச்சு வழக்காக மாறும். “உங்களுக்கு வேண்டியவை எல்லாவற்றையும் சொல்லுங்கள்” என்று கேட்டு, தாளில் வரிசையாகக் குறித்துக்கொண்டு, “இவற்றுள் எது இல்லாவிட்டால் சேரவே மாட்டீர்கள்?” என்று வினவுதல் நலம். பத்துக் கேட்டவர்க்கும் உண்மையில் இன்றியமையாதவை ஒன்றிரண்டே இருக்கக் காணலாம்.

மூன்றாவது, காரணத்தை உசாவுதல். சம்பளத்தைக் கூட்டிக் கேட்பவரின் உள்ளத்தில் பிள்ளையின் விடுதிக் கட்டணம் இருக்கலாம். முன்பு வேலை பார்த்த இடத்தில் மூன்று மாதச் சம்பளம் நின்றுபோன புண் இருக்கலாம். பின்னவர்க்கு வேண்டியது கூடுதல் பணமன்று. மாதம் தவறாத பணம்.

நான்காவது, ஒரே வாயால் பேசுதல். தாளாளர் ஒன்றும், செயலர் ஒன்றும், கணக்கர் ஒன்றும் கூறினால், வருபவர் தமக்கு வாய்ப்பானதைப் பற்றிக்கொள்வார். குற்றம் அவருடையதன்று. எவர் வாக்குறுதி தரலாம் என்பதைக் குழு முன்கூட்டியே முடிவு செய்து கொள்ள வேண்டும்.

ஐந்தாவது, முன்பிருப்போரை எண்ணுதல். இது மிக முதன்மையானது. புதியவர் ஒருவர்க்கு மறைவாக 50 ரூபாய் கூட்டிக் கொடுத்தால், மாலையில் ஜீப் போடியை அடையுமுன் அது அனைவர்க்கும் தெரிந்துவிடும். பத்தாண்டுகளாக வாய் திறவாமல் உழைத்தவர், “கேட்டால்தான் கிடைக்கும் போலும்” என்று நொந்துகொள்வார். ஆகவே புதியவரின் கோரிக்கை நியாயமெனில் அது பழையவர்க்கும் நியாயமே. எல்லோருக்கும் கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பார்த்து, முடிந்தால் கொடுக்கவும், முடியாவிடில் புதியவருக்கு மட்டும் கூடுதல் தருவதற்கான காரணத்தை வெளிப்படையாகக் கூறவும் வேண்டும். வெளியே கூற இயலாத காரணம் எதுவும் நல்ல காரணமன்று.

ஆறாவது, எழுதிக் கொடுத்தல். ஒப்புக்கொண்டவற்றை அன்றே எழுதி இருவரும் ஒப்பமிட வேண்டும். “வாய்ச்சொல் போதாதா?” என்பார் உளர். வாய்ச்சொல்லைக் காப்பவர்க்கு எழுத்தினால் இழப்பொன்றுமில்லை.

ஏழாவது, முன்பணத்தால் கட்டாதிருத்தல். முன்பணம் கேட்பவருக்குக் கொடுப்பது உதவி. அக்கடன் தீரும்வரை விலகக் கூடாதென்று பிடித்து வைப்பது கொத்தடிமை. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அதனைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளது.

மறுக்கும் முறை

தமிழில் ‘பார்க்கலாம்’ என்றொரு சொல் உண்டு. சொல்பவர் அதனை மறுப்பாகச் சொல்கிறார். வேலை தேடி வந்தவரோ இசைவாகக் கேட்கிறார். மூன்று மாதம் கழித்து, “அன்று ஒப்புக்கொண்டீர்களே!” என்று அவரும், “நான் எப்போது ஒப்புக்கொண்டேன்?” என்று இவரும் முரண்படுவர். ஆள் தேர்வில் இச்சொல்லைத் தவிர்ப்பது இருவருக்கும் நன்று. இயலாததை இயலாதென்று அப்போதே, காரணத்தோடு, குரலுயர்த்தாமல் கூறிவிட வேண்டும். “இந்த ஆண்டு இவ்வளவே எங்களால் கொடுக்க முடியும், எண்ணிப் பார்த்து வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்” என்பது ஒருவரை இழிவுபடுத்தாத மறுப்பு. நாளைக் குறித்தலும் இன்றியமையாதது. இருதரப்பும் காத்துக் கிடக்கும் நிலை அதனால் நீங்கும்.

கோரிக்கையைவிடக் கேட்கும் விதமும் சில உண்மைகளை உணர்த்தும். ஒப்புக்கொண்டு எழுந்தபின் ஒவ்வொரு சந்திப்பிலும் புதிதாக ஒன்றைச் சேர்ப்பவர், நேர்காணல் குழுவிடம் குழைந்து வாயிற்காவலரிடம் எரிந்து விழுபவர் ஆகியோரிடம் எச்சரிக்கை தேவை. அதேபோல், வந்தவரை நாள் முழுதும் காக்க வைத்தல், குடும்பச் செய்திகளைத் தேவையின்றிக் கிளறுதல், “உங்களுக்குப் பின்னால் நூறு பேர் நிற்கிறார்கள்” என்று அச்சுறுத்தல் ஆகியவை வேலை கொடுப்போர் தவிர்க்க வேண்டியவை. அச்சத்தால் இசைந்தவர் வேறோர் இடம் கிடைத்த அன்றே விலகிவிடுவார்.

மாணவர்க்குச் சில சொற்கள்

இச்சாரலில் பயிலும் மாணவர் பலரின் அன்னையர் ஏலத்தோட்டத்திற்கோ காய் தரம் பிரிக்கும் கிடங்கிற்கோ செல்பவர்கள். அவர்கள் விடியற்காலையில் கேட்கும் கேள்விகளைப் பட்டம் பெற்ற பிள்ளைகள் நேர்காணலில் கேட்கத் தயங்குகின்றனர். தயக்கம் வேண்டுவதில்லை; முறை மட்டும் வேண்டும். முதலில் வேலையின் தன்மையை உசாவி, நம்மால் என்ன செய்ய இயலும் என்பதைக் காட்டி, அதன் பின்னரே ஊதியத்தையும் வசதியையும் கேட்க வேண்டும். இன்றியமையாதவை எவை, விட்டுக்கொடுக்கத் தக்கவை எவை என்று வீட்டிலேயே பகுத்துக்கொண்டு செல்ல வேண்டும். அரசு விதிப்படி ஊதியம் அமைந்த பணியிடத்தில் அதனை உயர்த்தக் கேட்டுப் பயனில்லை. தனியார் நிறுவனத்திலோ கேளாதிருந்தால் இழப்பு நமக்கே. சான்றிதழ்களின் மூலப்படிகளை ஒப்படைக்கச் சொன்னாலோ, வேலைக்கு முன் பணம் கட்டச் சொன்னாலோ ஏன் என்று கேட்டுத் தெளியாமல் இசையலாகாது. கேட்டபின் ஒப்புக்கொண்டதை மாற்றாமல் காப்பதும் நம் கடமை.

முடிவுரை

வேலைக்கு ஆள் எடுத்தல் என்பது ஒருவர் மற்றொருவர்க்குச் செய்யும் அருட்கொடையன்று. இருவர் தத்தம் தேவையை வெளிப்படையாகச் சொல்லி, இயன்றதில் இசைந்து, இசைந்ததைக் காக்கும் உடன்படிக்கை. நிபந்தனையோடு வருபவர் தம் மனத்தை வாயிலிலேயே திறந்து காட்டுகிறார். அதனைப் பகுத்தறிந்து, உரிமையைக் கொடுத்து, தேவையை மதித்து, விலையைக் கணக்கிட்டு, மிகையை மறுப்பதே அறிவுடைமை. ஜீப்பில் எத்தனை பேரை ஏற்றுவீர்கள் என்று கேட்கும் தாய்க்கு நேரான விடை கிடைக்குமாயின், மாலையில் அவள் நலமே வீடு திரும்புவாள். அந்த விடையைச் சொல்லும் பொறுப்பு ஆள் எடுக்கும் நம் ஒவ்வொருவர்க்கும் உண்டு.